பழைய க்ளாசிக் 350-க்கு வேற வண்டி முன்பக்கம் மாட்டப் போறீங்களா, காசு குடுக்குறதுக்கு முன்னாடி வெர்னியரை எடுங்க

ஃபோர்க்கை வாங்கி வீட்டுல வச்சிட்டு அப்புறமா "அண்ணே இது நம்ம வண்டிக்கு உக்காருமா"ன்னு கேக்குற பசங்கதான் ஜாஸ்தி, நானும் அப்படி ஒரு பையனாதான் இருந்தேன். முதல் பில்டுக்கு ட்யூக் 390 ஃபோர்க் ரெண்டு காலையும் மட்டும் தனியா வாங்கினேன், டி-ஸ்டெம் (ஃபோர்க் காலைப் புடிக்கிற கீழ் பிளேட்டும் அதுல நிக்கிற ராடும்) வேற ஒரு இடத்துல, வீல் வேற ஒரு இடத்துல, டிஸ்க் ஆன்லைன்ல. தனித்தனியா வாங்கினா சீப்பா முடியும்னு ஒரு நெனப்பு. கடைசில லேத் பட்டறைக்கு அழுத காசுல ரெண்டு முழு செட் வாங்கியிருக்கலாம். அதோட விடல, ஒரு மெக்கானிக் ஸ்டெம்முக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருந்த கேப்புல பவுடர் டப்பா தகட்டை வெட்டி சுத்தி அடிச்சு விட்டாரு, "டைட்டா இருக்கு பாருங்க"ன்னாரு, இருந்துச்சுதான். ரெண்டு வாரத்துல ப்ரேக் புடிக்கும்போதெல்லாம் ஹேண்டில்ல டொக்கு டொக்குன்னு தட்ட ஆரம்பிச்சுது, கழட்டிப் பாத்தா தகடு தூளாகி கிரீஸ்ல கலந்து கெடக்கு. அந்த நிலைமைல ஹைவேல 80-ல போயிருக்கேன்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

அதனால மொதல்ல சொல்லிடுறேன், முடிஞ்ச வரைக்கும் முன்பக்கம் முழுசையும் ஒரே வண்டியில இருந்து எடுங்க. ஃபோர்க், மேல இருக்க டாப் பிளேட், கீழ டி-ஸ்டெம், ஆக்ஸில், ஸ்பேசர், வீல், டிஸ்க், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம். கம்பெனிக்காரன் இதுக்குள்ள இருக்க நூறு அளவையும் ஏற்கனவே சேத்து வச்சிட்டான், நீங்க தீக்க வேண்டியது உங்க சேஸ் கழுத்துல அது உக்காருற இடம், அப்புறம் வண்டி நிக்கிற உயரம், இந்த ரெண்டுதான். பார்ட் பார்ட்டா வாங்குனா அந்த நூறு அளவும் உங்க தலைல விழும்.

நான் இங்க எடுத்துக்குறது யூசிஇ இஞ்சின் (இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்கறது) க்ளாசிக் 350, ஏபிஎஸ் வராத பழைய மாடல். அதுல ஃபோர்க் பைப் 35 மி.மீ, ட்ராவல், அதாவது ஃபோர்க் அமுங்குற தூரம் 130, முன் டயர் 90/90-19, டிஸ்க் 280. வண்டி சுமார் 192 கிலோ. இதுக்கு என்னத்தை மாட்டலாம்னு பாத்தா, அதே குடும்பத்துல தண்டர்பேர்டு 350-ல 41 மி.மீ பைப், ட்ராவல் அதே 130, வீலும் அதே 19, அதனால உயரம் பெருசா மாறாது, குறைஞ்ச தலைவலி இதுதான். ஹிமாலயன் 411-லயும் 41 மி.மீ தான், ஆனா ட்ராவல் 200, வீல் 21, அதை மாட்டினா மூக்கு மேல தூக்கிக்கும். ட்யூக் 390 பக்கம் போனா 43 மி.மீ யூஎஸ்டி (தடிச்ச பைப் மேலயும் குரோம் பைப் கீழயும் இருக்க தலைகீழ் ஃபோர்க்), 17 இன்ச் வீல், மூக்கு கீழ குத்திக்கும். பாக்க எது கெத்துன்னு கேட்டா ட்யூக் தான், வேலை எது கம்மின்னு கேட்டா தண்டர்பேர்டு. பைப் சைஸ் ஒண்ணா இருக்குறதால தண்டர்பேர்டும் ஹிமாலயனும் மாத்தி மாத்தி சேரும்னு நெனச்சிடாதீங்க, ரெண்டு 41-க்கும் நடுவுல பைப் இடைவெளி, நீளம், ஆக்ஸில் எல்லாமே வேற வேற இருக்கலாம்.

புல்லட், க்ளாசிக்ல மட்டும் ஒரு ஸ்பெஷல் பிரச்சனை இருக்கு, நெறைய பேருக்கு கழட்டுன பிறகுதான் தெரியும். ஹெட்லைட்டைச் சுத்தி இருக்க அந்த பெரிய அலுமினிய மூஞ்சி, காஸ்கெட்னு சொல்வாங்க, அது சும்மா மூடி கிடையாது, ஃபோர்க் பைப் மேல்முனை ரெண்டும் அதுலதான் புடிச்சிருக்கு, அதாவது டாப் பிளேட் வேலையையும் அதுதான் செய்யுது. வேற ஃபோர்க் வந்தா அந்த மூஞ்சி போயிடும், அதோட சாவி, மீட்டர், ஆம்பியர் மீட்டர், மேல ரெண்டு பக்கமும் இருக்க குட்டி லைட்டு எல்லாத்துக்கும் வீடு போயிடும். புது ஹெட்லைட் பிராக்கெட், சாவிக்கு இடம், வயரிங் நீட்டுறதுன்னு ஒரு தனி வேலை. மீட்டர் கேபிளும் முன் ஹப்புல இருந்துதான் ஓடுது, ட்யூக் வீல்ல அதுக்கு வழியே இல்ல, காந்தம் வச்ச சென்சர் மீட்டருக்கு காசு ஒதுக்கிடுங்க. "புல்லட் மூஞ்சியே போச்சேடா"ன்னு வீட்டுல அப்பா திட்டுறதுக்கும் ரெடியா இருங்க.

இப்ப கழுத்துக்கு வருவோம். சேஸ்ல கழுத்து ட்யூப் நீளம், மேல கீழ பேரிங் கப் உக்காருற குழியோட உள் விட்டம், இது மூணும் உங்க வண்டில அளக்கணும். வாங்கப் போற டி-ஸ்டெம்ல, ஸ்டெம் கீழ்ப்பக்கம் பேரிங் உக்காருற இடத்துல விட்டம், மேல்ப்பக்கம் விட்டம், ரெண்டு பேரிங் சீட்டுக்கும் நடுவுல நீளம், மேல மரை எவ்ளோ தூரம் வெட்டியிருக்கு. மேலயும் கீழயும் சைஸ் வேற வேறயா இருக்கறது சகஜம், ஒண்ணை அளந்துட்டு இன்னொண்ணு அதேதான்னு எழுதிடாதீங்க. ஸ்டெம் நீளமா இருந்தா ஸ்பேசர் போட்டு மேனேஜ் பண்ணலாம், குட்டையா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, ஸ்டெம்மையே மாத்தணும்.

கழுத்துல வர்ற கோன்செட் குண்டு பேரிங்குக்கு பதிலா டேப்பர் ரோலர் பேரிங் போடுறதா இருந்தா வேலை சுலபமாகும், ஏன்னா அது ஸ்டாண்டர்டு சைஸ்ல வருது. 32005 பேரிங் 25க்கு 47க்கு 15, 320/28 எடுத்தா 28க்கு 52க்கு 16, 32006 எடுத்தா 30க்கு 55க்கு 17, எல்லாம் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் கணக்குல. உங்க கழுத்துக் குழிக்கு வெளி விட்டமும் புது ஸ்டெம்முக்கு உள் விட்டமும் ஒரே பேரிங்குல கெடைச்சா உங்களுக்கு யோகம்தான். பேரிங் கடைல ரெண்டு அளவையும் எழுதிக் குடுத்தா அவங்களே புக்கைப் பொரட்டி சொல்லிடுவாங்க. கெடைக்கலன்னா ரெண்டு வழி. ஒண்ணு, உங்க பழைய வண்டி ஸ்டெம்மை புது கீழ் பிளேட்டுல பிரஸ் பண்றது, இல்லன்னா லேத்ல புதுசா ஒரு ஸ்டெம் கடைஞ்சு பிரஸ் பண்றது. அலுமினிய கீழ் பிளேட்டா இருந்தா சூடு பண்ணி ஹைட்ராலிக் பிரஸ்ல தள்ளினா ஸ்டெம் வெளிய வரும், மொதல்ல கீழ லாக் ஏதாவது இருக்கான்னு பாத்துக்கோங்க, சுத்தியல் வச்சு அடிக்காதீங்க. இரும்பு பிளேட்ல வெல்டு பண்ணியிருந்தா அதைத் தொடாதீங்க. லேத்காரர்கிட்ட சும்மா "ராடு போடுங்க"ன்னு சொல்லாம இஎன்24 போடச் சொல்லுங்க, மைல்டு ஸ்டீல்ல கடைஞ்சு வாங்கிட்டு வந்துடாதீங்க, உங்க மொத்த உசுரும் தொங்குறது அந்த ஒரு ராடுலதான். தகடு, டேப், ஸ்டெம்மை கிரைண்டர்ல தேய்க்கிறது, இதெல்லாம் யாராவது ஐடியா குடுத்தா வண்டியை தள்ளிட்டு வெளிய வந்துடுங்க.

அடுத்தது உயரமும் ட்ரெயிலும், யாரும் பாக்காத, ஆனா வண்டி எப்படி ஓடும்னு முடிவு பண்ற விஷயம். ட்ரெயில்னா, ஹேண்டில் சுத்துற அச்சை தரை வரைக்கும் நீட்டினா அது தொடுற புள்ளிக்கும், டயர் தரையைத் தொடுற புள்ளிக்கும் நடுவுல இருக்க தூரம். டயர் பின்னாடி இழுபட்டு வர்றதாலதான் வண்டி தானா நேரா போகுது. ரோட்டு வண்டிக்கு சுமாரா 90-ல இருந்து 110 மி.மீக்குள்ள இருந்தா நிம்மதியா ஓடும். ரொம்ப கம்மியானா ஹைவேல ஹேண்டில் படபடன்னு ஆடும், ரொம்ப ஜாஸ்தியானா டிராஃபிக்ல எருமை மாதிரி திரும்பும்.

கணக்கு இவ்ளோதான்: வீல் ஆரத்தை சாய்வுக் கோணத்தோட (ஹேண்டில் சுத்துற அச்சு செங்குத்துல இருந்து எவ்ளோ சாஞ்சிருக்குங்கறது) சைன்ல பெருக்கி, அதுல இருந்து ஆஃப்செட்டை கழிச்சு, வர்றதை கோணத்தோட காஸ்ல வகுக்கணும். ஆஃப்செட்னா ரெண்டு ஃபோர்க் பைப் நடுவையும் சேக்குற கோட்டுக்கும் ஸ்டெம் நடுவுக்கும் உள்ள தூரம், டாப் பிளேட்டை ஒரு பேப்பர்ல கவுத்து வச்சு மூணு ஓட்டையையும் பென்சில்ல வரைஞ்சா ஸ்கேல்லயே அளந்துடலாம். கோணத்துக்கு வண்டியை நேரா நிறுத்தி ஃபோர்க் பைப் மேல போனை வச்சா ஆப் காட்டிடும்.

ஒரு கணக்கு போட்டு காட்றேன், கோணம் 27 டிகிரி, ஆஃப்செட் 50ன்னு வச்சிக்கிட்டது சும்மா கணக்குக்காக, உங்க வண்டில நீங்க அளங்க. 90/90-19 டயர் ஆரம் 322 மி.மீ, ட்ரெயில் 108 வருது. நல்லா ஓடும். இப்ப 110/70-17 டயர் மாட்டினா ஆரம் 293, அதாவது மூக்கு 29 மி.மீ கீழ எறங்கும். வீல்பேஸ் (ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல தூரம்) 1370 இருக்க வண்டில ஒவ்வொரு 24 மி.மீ எறக்கத்துக்கும் கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி செங்குத்தாகும், அதனால கோணம் 25.8 ஆயிடும், ட்ரெயில் 86. வீல் மட்டும் மாத்தினதுக்கே இது. புது ஃபோர்க் குட்டையா இருந்து மொத்தமா 65 மி.மீ எறங்கிடுச்சுன்னா கோணம் 24.3, ட்ரெயில் 77க்கு வந்துடும், இது பயப்பட வேண்டிய நம்பர். ஆனா அதே எறக்கத்துல ஆஃப்செட் 30 இருக்க பிளேட்டு போட்டா ட்ரெயில் 99க்கு திரும்ப ஏறிடுது பாருங்க. இதுக்குதான் சொல்றேன், 17 இன்ச் வீலை அந்த வண்டியோட சொந்த பிளேட்டோடயே எடுங்க, பழைய பிளேட்டுல ஓட்டையை பெருசாக்கி புது ஃபோர்க்கை சொருகுற ஐடியா எல்லாம் வேணாம். ஹிமாலயன் செட்டுக்கு கதை தலைகீழ், கோணம் படுத்து ட்ரெயில் ஏறும், மெதுவா போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமா விழப் பாக்கும்.

கணக்கே வேணாம்னா மாட்டின பிறகு அளந்துக்கலாம், ஆனா அப்ப காசு போயிருக்கும். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி நூல்ல ஒரு நட்டைக் கட்டி ஆக்ஸில் நடுவுல இருந்து தொங்கவிட்டு தரைல ஒரு புள்ளி, கழுத்து கோணத்துக்கு நேரா ஒரு நீள குச்சியைப் புடிச்சு தரைல இன்னொரு புள்ளி, நடுவுல டேப்.

மூக்கு எறங்கினா இன்னொரு கூத்து நடக்கும். சைடு ஸ்டாண்டு அப்ப நீளமாயிடும், வண்டி சாயாம நெட்டுக்குத்தா நிக்கும், டீ குடிக்க நிறுத்திட்டு திரும்பினா அந்தப் பக்கம் விழுந்து கெடக்கும். என் வண்டி டேங்குல இருக்க சொட்டை அப்படி வந்ததுதான். ஸ்டாண்டை வெட்டி வெல்டு பண்ற செலவையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

வீலை மட்டும் உங்களோடது வச்சிக்கிறீங்கன்னா, ஸ்போக் வீல்தான் வேணும் அலாய் வேணாம்னு நெறைய பேரு சொல்லுவீங்க, தப்பில்ல, ஆக்ஸில் சைஸைப் பாருங்க. இங்க ஒரு நல்ல சூட்சமம் இருக்கு. ஹப்புல 6302 பேரிங் இருந்தா அது 15க்கு 42க்கு 13, அதே வெளி விட்டத்துல 6004 பேரிங் 20க்கு 42க்கு 12. ஹப்பைக் கடையாமலே 15 மி.மீ ஆக்ஸில் வீல் 20 மி.மீ ஆக்ஸிலுக்கு மாறிடும். அதே மாதிரி 6202 எடுத்துட்டு 6003 போட்டா 15-ல இருந்து 17 ஆகும், ரெண்டுக்கும் வெளி விட்டம் 35 தான். தடிமன் ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ குறையும், அதை வெளி ஸ்பேசர்ல சேத்து கடைஞ்சுக்கணும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்க குழாயை மட்டும் மறந்துடாதீங்க, நீளம் பழைய அளவேதான், உள் ஓட்டை புது ஆக்ஸிலுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். அந்தக் குழாய் அர மி.மீ குட்டையா போனாலும் ஆக்ஸிலை டைட் பண்ணும்போது பேரிங் நசுங்கி கொஞ்ச நாள்லயே கத்தும்.

ஸ்பேசர் கடையும்போது ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல சரியா வரணும், ரிம் நடு ரெண்டு ஃபோர்க் காலுக்கும் நடுவுல இருக்கணும், டிஸ்க் கேலிப்பருக்கு நடுவுல இருக்கணும். பசங்க டிஸ்க்கை கேலிப்பருக்கு சரி பண்ணிட்டு ரிம்மை விட்டுடுவாங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு அப்புறம் அலைவாங்க. மொதல்ல ரிம்மை நடுவுல நிறுத்துங்க, அப்புறம் டிஸ்க்குக்கு ஹப்புல ஸ்பேசரோ கேலிப்பருக்கு பிராக்கெட்டோ செய்யுங்க. தானா நகந்துக்குற ஃப்ளோட்டிங் கேலிப்பரா இருந்தா கொஞ்சம் முன்ன பின்ன மன்னிக்கும், ட்யூக்ல வர்ற மாதிரி ரேடியல் நாலு பிஸ்டன் கேலிப்பர் நகராது, டிஸ்க் நட்டநடுவுல இருந்தே ஆகணும்.

கேலிப்பரோட அதே வண்டி மாஸ்டர் சிலிண்டரையும் எடுத்துடுங்க, ஹேண்டில் புடி இடம் பெரும்பாலும் 22 மி.மீ தான் எல்லா வண்டிலயும், மாட்டிக்கும். வேற போடணும்னா மேல எழுதியிருக்க நம்பரைப் படிங்க. 12.7 மி.மீ பிஸ்டனுக்கு பதிலா 14 போட்டா பரப்பு 20 சதவீதத்துக்கு மேல ஜாஸ்தி, லீவர் கல்லு மாதிரி இருக்கும், "செம டைட்"னு சந்தோஷப்படுவீங்க, ஆனா அதே விரல் பலத்துக்கு ப்ரேக் கம்மியாதான் புடிக்கும். ரொம்ப சின்னது போட்டா லீவர் புடி வரைக்கும் வந்துடும். ஹோஸை ஹேண்டில் ரெண்டு பக்கமும் ஃபுல்லா திருப்பிப் பாத்து நீளம் முடிவு பண்ணுங்க. ஏபிஎஸ் வந்த வண்டின்னா வேற குடும்ப வீல், வேற சைஸ் டயர் பக்கமே போகாதீங்க, முன் வீல் பின் வீல் வேகத்தை ஒப்பிட்டுதான் அது முடிவெடுக்குது, ரிங்குல பல்லு எண்ணிக்கை மாறினா அதுக்கு தப்புக் கணக்கு போகும்.

ஸ்ப்ரிங்கையும் ஒரு வார்த்தை. ட்யூக் 390 க்ளாசிக்கை விட நல்லா லைட்டான வண்டி, அதோட ஸ்ப்ரிங் உங்க வண்டிக்கு சாஃப்டா இருக்கும், ப்ரேக் புடிச்சா குத்தி எறங்கும். தலைகீழா ஆர்எக்ஸ் 100ல அதே ஃபோர்க்கைப் போட்டா, வண்டியே 100 கிலோவைத்தான் ஒட்டி இருக்கு, ஃபோர்க் வேலையே செய்யாது, கை எலும்பு எல்லாம் எண்ணிடலாம். நீங்க உக்காந்ததும் மொத்த ட்ராவல்ல சுமார் 30 சதவீதம் எறங்கினா சரி, பைப்புல ஒரு ஜிப் டேக் கட்டிட்டு ஒருத்தரை அளக்கச் சொல்லுங்க.

வாங்குற இடம். சென்னைல புதுப்பேட்டை தெரியாத ஆளு இருக்க முடியாது, நல்ல சரக்கும் கெடைக்கும், ஆனா ஒண்ணை யோசிங்க, நல்லா ஓடிட்டிருந்த வண்டி முன்பக்கம் எதுக்கு ஸ்க்ராப்புக்கு வருது? பாதிக்கு மேல அடிபட்ட வண்டிதான், அதுவும் முன்னாடி அடிபட்டது. டி-ஸ்டெம்ல ஹேண்டிலை நிறுத்துற ஸ்டாப்பர் குமிழ் இருக்கும், மொதல்ல அதைப் பாருங்க, நசுங்கியோ உடைஞ்சோ பெயிண்ட் மட்டும் புதுசாவோ இருந்தா அந்த செட்டைத் தொடாதீங்க, பளபளன்னு இருந்தாலும் சரி. கடைல கண்ணாடி மேசை இருந்தா பைப்பை அதுல உருட்டிப் பாருங்க, கோட்டம் இருந்தா அடியில வெளிச்சம் வந்து வந்து போகும். குரோம்ல சீல் ஓடுற இடத்துல நகத்தை வச்சு இழுங்க, நகம் தட்டினா சீல் நிக்காது. யூஎஸ்டில ஆயில் ஒழுகினா அது நேரா எறங்குறது கேலிப்பர் பக்கம்தான், அதனால "லைட்டா கசியுது, சீல் போட்டா சரியாயிடும்"னு சொன்னா சீல் செலவைக் கழிச்சுட்டு பேசுங்க. பில் இல்லாம வாங்காதீங்க, திருட்டு வண்டி பார்ட்டா இருந்தா பேச்சு ஸ்டேஷன்லதான் நடக்கும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், கசப்பாதான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு படி கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. ஆர்டிஓ கிட்ட முன்னாடியே போய்க் கேட்டுட்டு ஆரம்பிங்க, ஒண்ணு ஆகிப்போனா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது முன்பக்கத்தைத்தான்.

எல்லாம் மாட்டியாச்சா, உடனே கிளப்பாதீங்க. முன் வீலைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை லேசா தட்டினா ரெண்டு பக்கமும் தானா போய் விழணும், ஃபோர்க் அடியைப் புடிச்சு முன்ன பின்ன ஆட்டினா துளி ஆட்டம் இருக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் கழுத்து நட்டை டைட் பண்ணி லூஸ் பண்ணி பாருங்க, அர மணி நேரம் ஆனாலும் பரவால்ல. அப்புறம் ஹேண்டிலை ஃபுல்லா திருப்பி, ஃபோர்க் டேங்கைத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்டாப்பர் தட்டுதான்னு பாருங்க, உங்க விரல் ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவுல மாட்டாம இருக்கணும், புது ஸ்டெம்ல ஸ்டாப்பர் இடம் மாறியிருந்தா சேஸ்ல ஒரு துண்டு வெல்டு வைக்கணும். ஃபோர்க் முழுசா அமுங்கினா டயர் கீழ் பிளேட்டையோ இஞ்சின் முன்னாடி பைப்பையோ இடிக்குதான்னு ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டு ஒரு தடவை அமுக்கிப் பாத்துடுங்க. காலி ரோட்டுல 20-ல, 40-ல ஓட்டி ப்ரேக் புடிச்சுப் பாருங்க, 50 கிலோமீட்டர் ஆனதும் திரும்ப எல்லா போல்டையும் ஒரு சுத்து ஸ்பேனர் போடுங்க, டேப்பர் பேரிங் உக்காந்து கழுத்து கொஞ்சம் லூஸாகியிருக்கும்.